கட்டியின் தோல்

செஞ்சியில் பயாப்சி பார்க்கிற டாக்டர் ஒருத்தி இருக்கிறாள் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சுகர் பார்க்கிற அம்மா என்றால் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடைக்கு மேலே, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படியில் ஏறிப் போனால் அன்புக்கரசியின் லேப். காலையில் வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம் வரும். டிபன் சாப்பிட்டுவிட்டு அதே கூட்டம் மறுபடியும் வரும். கையை நீட்டும்போதே, "நேத்து கல்யாணச் சாப்பாடும்மா, அதான் கொஞ்சம் ஏறியிருக்கும்" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொள்ளும். அறுபதைத் தாண்டிய பிறகும் தினம் தினம் இதே பொய்யைக் கேட்டுத் தலையாட்ட ஒரு பொறுமை வேண்டும். அன்புக்கரசியிடம் அது தீர்ந்து போய் ரொம்ப நாளாகிவிட்டது.

மெடிக்கல் காலேஜில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ரிட்டயர் ஆகி, சொந்த ஊர் ஆயிற்றே என்று வந்து போர்டு மாட்டியவள். முட்டி தேய்ந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்தும் போய்விட்டது. "இந்த மாசக் கடைசியோட மூடிடப் போறேன்" என்று டெக்னீஷியன் கவிதாவிடம் சொல்லுவாள். கவிதாவும் "சரிங்க மேடம்" என்பாள். மாசக் கடைசி வரும், போகும். மூடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

அந்த மாசம் அவளைப் படுத்தி எடுத்தது சுகர் இல்லை, ஒரு ஸ்லைடு. காதுக்கு முன்னால், தாடை திரும்புகிற இடத்தில், எச்சில் சுரக்கிற சுரப்பி ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. அதில் கட்டி வந்தால் வருகிறவருக்கு எவ்வளவு கஷ்டமோ, அதற்குப் பேர் வைக்க வேண்டிய டாக்டருக்கும் அவ்வளவு கஷ்டம். உடம்பில் வேறு எந்தக் கட்டியும் இப்படி ஆளை ஏய்க்காது.

சதையை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். முதலில் நீலச் சாயம், பிறகு சிவப்பு. அணுவின் கரு நீலமாகும், மற்றதெல்லாம் ரோஸ் ஆகும். அன்புக்கரசி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது இந்த இரண்டு நிறத்தைத்தான். இந்த ஸ்லைடில் கருநீலமாகக் குட்டி அணுக்கள் கும்பல் கும்பலாக நின்றன. கும்பலுக்கு நடுவே வட்ட வட்டமாய் ஓட்டைகள், இடியாப்ப அச்சைக் கவிழ்த்துப் பார்த்ததுபோல.

இப்படி ஓட்டை ஓட்டையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இரண்டு பேரை. ஒன்று கேன்சர். மெதுவாகத்தான் வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும், பிடித்ததை விடாது. இன்னொன்று பேசல் செல் அடினோமா என்கிற சாதுக்கட்டி. வளர்ந்த இடத்திலேயே சுருண்டு கிடக்கும். எடுத்துப் போட்டால் கதை முடிந்தது. ஆனால் அது அபூர்வம். தன் சர்வீஸ் முழுக்க அவள் அதைப் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். நடுப்பகுதியை வெட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். வித்தியாசம் ஓரத்தில்தான் இருக்கிறது. சாதுக்கட்டி தன்னைச் சுற்றி ஒரு தோலைப் போர்த்திக்கொண்டிருக்கும், அதைத் தாண்டாது. மற்றது தோலைக் கிழித்துக்கொண்டு பக்கத்துச் சதைக்குள் புகுந்திருக்கும்.

அன்புக்கரசிக்கு வந்த துண்டில் ஓரமே இல்லை. நாலு பக்கமும் பிளேடால் வெட்டின வெட்டு.

கட்டியை எடுத்த நர்சிங் ஹோம் சர்ஜன் நடுவில் ஒரு கிள்ளு கிள்ளி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அவருக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி போட்டாள், அதே பதில். அதற்கு மேல் போடுவதற்கு அலுப்பாக இருந்தது. புதுச்சேரிக்கு அனுப்பி வேறு விசேஷச் சாயங்களும் போட்டுப் பார்த்தாள். அதுவாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம் என்று அங்கிருந்தும் பதில் வந்தது. கடைசியில் மனசாட்சிக்கு விரோதமில்லாமல், கேன்சர் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்று ரிப்போர்ட் எழுதினாள். அந்த ஒரு வரி மேல் சிகிச்சைக்குச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அங்கே இரண்டு மேஜை தாண்டுவதற்குள், இல்லை என்று சொல்ல இயலாது என்பது இருக்கிறது என்று ஆகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டிக்குச் சொந்தக்காரி படியேறி வந்தாள். பேர் அருள்ஜோதி. முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். காதுக்கு முன்னால் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. பின்னாலேயே அவள் புருஷன் ஜேம்ஸ், கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன், சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டை. கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஒரே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவர்களை உட்காரச் சொன்னாள்.

"ஸ்லைட வாங்கியாரச் சொன்னாங்க டாக்டரம்மா" என்றாள் அருள்ஜோதி. "திங்கக்கெழம மெட்ராஸ்ல அட்மிஷன். மறுபடியும் ஆபரேஷனாம்."

"மறுபடியும்னா?"

அருள்ஜோதி முகத்தைத் திருப்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சுரப்பியையே மொத்தமா எடுக்கணுமாம். அதுக்குள்ளதான் மொகத்துக்குப் போற நரம்பு ஓடுதாம். அதுவும் சேந்து போவும், மனச தேத்திக்கோன்னுட்டாங்க."

"அங்க இன்னாம்மா பாக்கற? என்னப் பாத்துச் சொல்லேன்."

"அவுரு பாக்கறாரு டாக்டரம்மா. அவுருக்குக் காது கேக்காது. சின்னதுல ஜுரம் வந்து போயிடுச்சு. நான் பேசறத வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. இந்த விஷயம் அவுருக்கு இன்னும் தெரியாது."

ஜேம்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றும் பிடிபடாதவர்கள் சிரிக்கிற மாதிரி மரியாதையாகச் சிரித்தான். அருள்ஜோதி அவன் பக்கம் திரும்பினாள். குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் நிதானமாக அசைத்து என்னவோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

"ஸ்லைடு வாங்கிக்கினு போலாம்னு சொன்னேன்" என்றாள். "வேற யாரு பேசினாலும் அவுருக்குப் புரியாது. பெத்தவங்க பேசினாக்கூட பாதி கை சாடைதான். என் வாய் மட்டுந்தான் பழக்கம். அதான் கேக்கறேன் டாக்டரம்மா. கண்ணு சரியா மூடாதாம், அது போவட்டும். வாய் எப்பிடி ஆவும்?"

அன்புக்கரசி பொய் சொல்லிப் பழகாதவள். "ஒரு பக்கம் தொங்கிடும். ஒதடு ஒட்டாது" என்றாள்.

அருள்ஜோதி அதற்கு அழவில்லை. மடியில் இருந்த பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். அன்புக்கரசி அந்தப் பையையே பார்த்தாள். தான் எழுதிய ஒரு வரி, அது நேர்மையான வரிதான், ஒரு தப்பும் கிடையாது, ஆனால் அதுதான் இந்தப் பெண்ணின் உதட்டில் போய் நிற்கிறது. அந்த எரிச்சலை யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது. எதிரில் இல்லாத சர்ஜன் மேல் காட்டினாள்.

"அந்த மனுஷன் முழுக் கட்டியையும் குடுத்திருந்தா நான் தெளிவாச் சொல்லியிருப்பேன். நடுவுல கிள்ளிக் குடுத்தா நான் இன்னாத்தப் பாக்கறது?"

"இல்லியே டாக்டரம்மா. முழுசாத்தான் எடுத்தாரு. கோழிமுட்ட மாதிரி உருண்டையா வந்துச்சுன்னு எங்க அத்தகூடச் சொன்னாங்களே."

"அப்ப மீதி எங்க?"

அருள்ஜோதி தயங்கினாள். "அது கல்லறையில இருக்குது. பொதச்சிட்டோம்."

விஷயம் இதுதான். நம் பக்கத்தில் ஆபரேஷன் செய்கிற நர்சிங் ஹோமில் எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டுச் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள், நீயே லேபுக்குக் கொண்டு போ என்று. பாட்டில் போய்ச் சேர்ந்தது ஜேம்ஸின் அம்மா ராயம்மாள் கையில். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள். உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததைக் குப்பையில் போடக் கூடாது, மந்திரித்த மண்ணில் புதைக்க வேண்டும், கடைசி நாளில் ஆண்டவர் எழுப்பும்போது முழு ஆளாக எழுந்திருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ராயம்மாளின் புருஷனுக்குச் சர்க்கரையில் காலை எடுத்தபோது அந்தக் காலையும் துணியில் சுற்றி வாங்கி வந்து கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அப்புறம் அவர் போனபோது அதே குழியைத் திறந்துதான் அவரை வைத்தார்கள். மருமகள் கட்டிக்கும் அதே மரியாதை, அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே.

டெஸ்டுக்கு என்ன செய்வது? ரத்தம் டெஸ்ட் பண்ண ஒரு சொட்டுத்தானே எடுக்கிறார்கள், உடம்பு ரத்தம் மொத்தத்தையுமா எடுக்கிறார்கள் என்று யோசித்தாள் ராயம்மாள். புது பிளேடு ஒன்று வாங்கி, கட்டியை வகிர்ந்து, விருந்தாளி தட்டில் நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைப்பதுபோல, தோலெல்லாம் நீக்கி நடுவிலிருந்து சுத்தமாக ஒரு துண்டு எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு, கொஞ்சம் மருந்துத் தண்ணியையும் ஊற்றி லேபுக்குக் கொடுத்தனுப்பினாள். லேபுக்கு எது வேண்டுமோ அதைக் கச்சிதமாக நீக்கிவிட்டிருந்தாள்.

அன்புக்கரசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அசதிதான். மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எதுல வெச்சுப் பொதச்சீங்க? துணியிலயா?"

"இல்ல, குடுத்த பாட்டில்லயேதான். மருந்துத் தண்ணியோட. நாய் மோப்பம் புடிச்சுத் தோண்டிடும்னு அத்த மூடிய இறுக்கி டேப்பு சுத்திட்டாங்க."

அன்புக்கரசி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கவிதா, சாயங்காலம் வர்றவங்கள நீயே பாத்துக்க. நான் வெளிய போறேன்" என்றாள். அந்த மருந்துத் தண்ணி ஃபார்மலின், அதில் கிடக்கிற சதை கெடாது, மண்ணுக்கடியில் இருந்தால் என்ன, அலமாரியில் இருந்தால் என்ன. மூடி மட்டும் ஒழுகாமல் இருக்க வேண்டும்.

மூன்று பேரும் ஆட்டோவில் அவலூர்பேட்டை ரோட்டில் போய், கிளைச் சாலையில் இறங்கி, ஜேம்ஸ் வீட்டு வாசலில் நின்றபோது வெயில் இன்னும் தாழவில்லை. ராயம்மாள் சாக்கை விரித்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்து எழுந்து நாற்காலி போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் மறுபடி சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெபம் சொல்லிப் பொதச்சத எடுக்கச் சொல்றீங்களா?"

"ஆமா ராயம்மா. அது இருந்தாதான் கேன்சரா இல்லியான்னு என்னால சொல்ல முடியும்."

"ஒரு சொட்டு ரத்தத்த வெச்சு ஒடம்பு முழுக்க இருக்கற சக்கரய சொல்றீங்க. இதுக்கு மட்டும் முழுசா வேணும்ங்கறீங்களே."

நியாயமான கேள்விதான். காலேஜில் ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. அன்புக்கரசி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரத்தம் ஓடிக்கினே இருக்குது. எங்க எடுத்தாலும் ஒண்ணுதான். கட்டி அப்பிடி இல்ல. கெட்டவனும் நல்லவனும் அவங்கவங்க நெலத்துக்கு நடுவுல நிக்கறப்ப ஒரே மாதிரிதான் இருப்பாங்க. வேலியத் தாண்டி அடுத்தவன் நெலத்துல கால வெச்சிருக்கானான்னு பாக்கணும். அதுக்கு வேலி வேணும். நீங்க வேலியப் பொதச்சிட்டு நடு நெலத்த எங்கிட்டக் குடுத்திருக்கீங்க."

ராயம்மாள் ஒரு மல்லாட்டையை உடைத்தாள். பருப்பை எடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "பாத்துட்டு முழுசாத் திருப்பிக் குடுப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். "முழுசா வராது" என்றாள் அன்புக்கரசி. "மெழுகுல வெச்ச துண்டெல்லாம் லேப்லதான் இருக்கணும். மிச்சம் இருக்கறத நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"அப்ப வேணாம்."

அவ்வளவுதான். மறுபடி மல்லாட்டை உடைபடுகிற சத்தம். அன்புக்கரசிக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, ஊர் வழக்கத்தோடு மல்லுக்கட்ட அவளுக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் முட்டி சம்மதிக்க வேண்டும். அதனால் உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை நேரமும் ஜேம்ஸ் பொண்டாட்டியின் தோளைத் தொட்டுத் தொட்டு, என்ன என்ன என்று புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். அருள்ஜோதி மூன்று வாரமாகச் சுவரையும் காலண்டரையும் பார்த்துப் பேசி அவனிடமிருந்து மறைத்ததை இனி மறைக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அவனை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினாள். எதிரில் நின்று, சத்தமில்லாமல், ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நடுவில் ஒரு தரம் தன் கன்னத்தை விரலால் கீழே இழுத்துக் காட்டினாள். அவன் அந்த விரலைப் பிடித்து அவள் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டான்.

பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தான். எழுத்தில் கொண்டு வர முடியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அம்மா என்பதைத்தான் அவன் அப்படிச் சொல்லுவான். வேறொன்றும் சொல்லவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த மம்முட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ராயம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எடம் எனக்குத்தான் தெரியும். அவன் கண்டமேனிக்குத் தோண்டி அவுங்க நைனா காலுமேல மம்முட்டியப் போட்டுடப் போறான்" என்று முனகினாள். டாக்டர் பக்கத்தில் நடந்து வரும்போது மெதுவாகச் சொன்னாள். "பெத்து வளத்தேன். சாப்டு, தூங்கு, வெளிய போவாத. இதுக்குமேல எம்புள்ளகிட்ட நான் ஒரு வார்த்த பேசினதில்ல டாக்டரம்மா. சாடையில இன்னா பேச முடியும்? இவ வந்தப்பறந்தான் அவன் வயிறு குலுங்கச் சிரிச்சுப் பாத்தேன். எனக்கு மட்டும் அது போவணும்னா ஆசை?"

"தெரியுது ராயம்மா."

"ஆண்டவரு கேட்டா நீங்கதான் எடுத்தீங்கன்னு சொல்லிடுவேன்."

"சொல்லுங்க" என்றாள் அன்புக்கரசி.

கல்லறையில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. ராயம்மாள் காட்டிய இடத்தில் ஜேம்ஸ் நாலு கொத்துக்கூடப் போடவில்லை, பாட்டில் தெரிந்துவிட்டது. ராயம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு அதைத் தானே எடுத்து, மண்ணைத் தட்டி, டாக்டர் கையில் கொடுத்தாள். டேப்பு அப்படியே இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் அன்புக்கரசி. தண்ணி கலங்கியிருந்தது, ஆனால் குறையவில்லை. அடியில், உரித்துப் போட்ட சாத்துக்குடித் தோல் மாதிரி, வேலி முழுசாகக் கிடந்தது.

சனியும் ஞாயிறும் அதோடு போயிற்று. தோல் முழுவதையும் துண்டு துண்டாக்கி, ஒன்று விடாமல் மெழுகில் வைத்தாள். கவிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, பாவம் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. சீவுகிற மெஷினில் அன்புக்கரசியே உட்கார்ந்தாள். மருந்தில் அதிக நாள் கிடந்த சதை விறைத்துப் போயிருந்தது. சீவினால் கிழிந்தது. ஐஸ் தண்ணியில் ஊற வைத்துப் பதமாக்கி, திட்டி, மறுபடி சீவினாள். முதலில் போட்ட நீலச் சாயம் ஏறவே இல்லை, வெளுத்த துணி மாதிரி இருந்தது. கூடுதல் நேரம் ஊற வைத்துக் குழாய்த் தண்ணியில் அலசினாள். செஞ்சி போர்த் தண்ணி வாயில் வைக்க விளங்காது, உப்புக் கரிக்கும். ஆனால் இந்தச் சாயத்துக்கு அந்த உப்புத்தான் பிடிக்கும். பளிச்சென்று நீலம் வந்தது. அப்புறம் சிவப்பு.

மைக்ராஸ்கோப்பில் வைத்து ஓரம் ஓரமாக நகர்த்திக்கொண்டு போனாள். உள்ளே கருநீலக் கும்பல், அதைச் சுற்றி ரோஸ் நிறத் தோல், அதற்கு வெளியே நல்ல சுரப்பிச் சதை. ஒரு ஸ்லைடு முடிந்தது. அடுத்தது. அதிலும் தோல் சீராக ஓடியது. அவளுக்கு ஆசை வர ஆரம்பித்தது. ஸ்லைடு பார்க்கிறவளுக்கு ஆசை வரக் கூடாது. எது வேண்டுமோ அதையே கண் காட்டும். அதனால் வேண்டுமென்றே நிதானமாகப் போனாள்.

நாலாவது ஸ்லைடில் தோலுக்கு வெளியே நீலம் இருந்தது.

கொஞ்சம்தான், ஒரு கொத்து அணு. வேலிக்கு அந்தப் பக்கம், சுரப்பிச் சதை மேல் உட்கார்ந்திருந்தது. அன்புக்கரசி கண்ணை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக ராஜகிரியைப் பார்த்தாள். மலை என்னத்தைச் சொல்லும்? மறுபடி குனிந்தாள். இருந்தது. அந்தப் பெண் பையின் காதை முறுக்கியது ஞாபகம் வந்து, அடிப்பாவி மகளே என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இங்கேயே நிறுத்தி, சந்தேகம் தீரவில்லை என்று எழுதிவிட்டுப் போய்ப் படுக்கலாம். அதுவும் நேர்மையான வரிதான்.

படுக்கவில்லை. லென்சை மாற்றிப் பார்த்தாள். அந்தக் கொத்துக்கும் சதைக்கும் ஒட்டுறவே இல்லை. மேலே தூவினதுபோலக் கிடந்தது. பக்கத்தில் தோல் கிழியவில்லை, மடங்கியிருந்தது. அந்த இடத்தில்தான் ராயம்மாளின் பிளேடு போயிருக்கிறது. நடுவில் வெட்டின பிளேடு உள்ளே இருந்த அணுக்களை இழுத்து வந்து வெளியே தடவிவிட்டுப் போயிருக்கிறது. அப்படி என்று நினைப்பது வேறு, காட்டுவது வேறு. மெழுகுக்கட்டியை மறுபடி மெஷினில் மாட்டினாள். இன்னும் ஆழமாகச் சீவினாள், சாயம் ஏற்றினாள், பார்த்தாள். கொத்து சிறுத்திருந்தது. இன்னும் ஆழம். கொத்து இல்லை. தோல் மட்டும், ஒரு இடத்திலும் அறாமல், வளைந்து ஓடியது. மீதியிருந்த ஸ்லைடுகளையும் விடாமல் பார்த்து முடித்தாள். எல்லாவற்றிலும் வேலி வேலியாகவே இருந்தது.

சாதுதான். பேசல் செல் அடினோமா. சந்தோஷம் வரும் என்று பார்த்தாள், பசிதான் வந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

சென்னையில் ஆபரேஷன் செய்யவிருந்த சர்ஜனை, இந்தத் தடவை அலுப்புப் பார்க்காமல், போனில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவர், "கேன்சர் இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு நீங்கதானே மேடம் எழுதியிருந்தீங்க?" என்றார்.

"ஆமா. இப்ப சொல்ல முடியும்னு எழுதறேன். உறை முழுசா இருக்குது. படம் அனுப்பறேன், நீங்களும் ஒங்க பெத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க."

இரவு அவரே திரும்பக் கூப்பிட்டு, அங்கேயும் பார்த்தார்கள், ஒத்துக்கொள்கிறார்கள், ஆபரேஷன் வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார். அருள்ஜோதியின் போன் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றுக் கூட்டம் படி முழுக்க நின்றது. அதை விலக்கிக்கொண்டு இருவரும் ஏறி வந்தார்கள். ஜேம்ஸ் கையில் துணிமணி அடைத்த பெரிய பை, அருள்ஜோதி கையில் பிளாஸ்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் கோலம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு டாக்டரம்மா. ஸ்லைடு..."

"ஸ்லைடும் வேணாம், பஸ்ஸும் வேணாம்" என்றாள் அன்புக்கரசி. "அது கேன்சர் இல்லம்மா. சாதுவான கட்டி. எடுத்ததோட சரி. நரம்ப யாரும் தொட மாட்டாங்க. ஊட்டுக்குப் போ."

அருள்ஜோதி பிளாஸ்கைக் கீழே வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்து முகம் முழுக்கப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வாரமாக அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. உடம்பே குலுங்கியது.

ஜேம்ஸ் அவளைப் பார்த்தான். அவன் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. டாக்டரைப் பார்த்தான்.

"நல்ல சேதிதாம்பா" என்றாள் அன்புக்கரசி. அவன் அவள் உதட்டையே பார்த்தான். பிடிபடவில்லை. "ஒண்ணும் இல்ல. நல்ல கட்டி" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சிரித்துக் காட்டினாள். தூங்காத அந்த முகத்தில் வந்த சிரிப்பு எந்தத் தைரியத்தையும் கொடுப்பதாக இல்லை. அவன் மறுபடி பொண்டாட்டியின் பக்கம் திரும்பினான். அங்கே துணி மூடியிருந்தது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிற்று. உலகத்தில் அவனுக்குச் சேதி சொல்லக்கூடிய ஒரே வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் மூடிக் கிடந்தது.

அன்புக்கரசி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முட்டி கேட்கவில்லை. அதைப் பார்த்தால் ஆகுமா? அருள்ஜோதியின் முன்னால் தரையில் குந்தி, முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அழுவறத அப்பறம் அழு. அவன் செத்துக்கினு நிக்கறான் பாரு. சொல்லு."

அருள்ஜோதி புருஷனை அப்போதுதான் பார்த்தாள். புறங்கையால் கண்ணையும் மூக்கையும் துடைத்தாள். எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து முகத்தை நிமிர்த்தினாள். இரண்டு உதடும் நன்றாகச் சேர்ந்தன, பிரிந்தன. ஒரு சத்தமும் இல்லை. வரிசையில் நின்றவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஜேம்ஸ் அசையாமல் பார்த்தான். பிறகு ஒரு விரலைத் தூக்கி, இன்னொரு தரம் சொல் என்று காட்டினான்.

அவள் சொன்னாள். அவன் விரலை இறக்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள்.